உறைபனியில் ஓர் உயிர்: கருவைக் காக்கப் பிறந்த வேதிப்பொருட்களின் வரலாறு

வாழைப்பூவை நறுக்கியவுடன் மோர் கலந்த தண்ணீரில் போடுவது தமிழ்நாட்டுச் சமையலறைகளில் வழக்கம். இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் பூ கறுத்துவிடும். பழைய எண்ணெயில் சிக்கு வாடை அடிப்பதும், இரும்புக் கதவு துருப்பிடிப்பதும் வேறு வேறு நிகழ்ச்சிகளாகத் தெரிந்தாலும் மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: ஆக்ஸிஜன்! உயிர் வாழ மூச்சாக இழுக்கும் அதே வாயு, மெல்ல மெல்லப் பொருட்களை அரிக்கவும் செய்கிறது.

இந்த அரிப்பைத் தடுக்கும் பொருட்களுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பெயர். இன்று இந்தச் சொல் கிரீன் டீ பாக்கெட்டிலும் முகப்பூச்சு விளம்பரத்திலும் அடிபடுகிறது. ஆனால் ஒரு தலைமுடியின் அகலத்தைவிடச் சற்றே பெரிய மனிதக் கருவை மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் உறைய வைத்து, பல ஆண்டுகள் கழித்து உயிரோடு எழுப்பும் முயற்சியிலும் இதற்கு ஓர் இடம் உண்டு. அந்த இடத்தை அது அடைந்த கதை ஏறத்தாழ நூறாண்டு நீளமானது. அதில் எலிகள் வருகின்றன, மாறிப்போன ஒரு பாட்டில் வருகிறது, கொல்கத்தாவில் நடந்த ஒரு பெரும் சோகமும் வருகிறது.

எலிகளும் கீரையும் (1922)

கதை உறைபனியில் தொடங்கவில்லை, ஓர் எலிக்கூண்டில் தொடங்குகிறது. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் எவான்ஸ், கேத்தரின் ஸ்காட் பிஷப் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் எலிகளுக்குக் குறிப்பிட்ட சில உணவுகளை மட்டும் கொடுத்து வளர்த்தார்கள். பால்புரதம், மாவு, பன்றிக்கொழுப்பு, தாது உப்புகள் என எல்லாம் அதில் இருந்தன. எலிகள் நன்றாகவே வளர்ந்தன, கருவும் உண்டானது. ஆனால் குட்டி மட்டும் பிறக்கவில்லை! கரு பாதி வளர்ந்த நிலையில் அழிந்து தாயின் உடலிலேயே கரைந்துபோனது.

உணவில் லெட்யூஸ் கீரையைச் சேர்த்ததும் குட்டிகள் பிறந்தன. கோதுமை முளையின் எண்ணெயிலும் அதே சக்தி இருப்பது பின்னர் தெரிந்தது. 1922-ல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பில் 'எக்ஸ்' என்று மட்டும் குறிக்கப்பட்ட அந்த மர்மப் பொருள்தான் வைட்டமின் ஈ. 1936-ல் எவான்ஸ் குழு அதைத் தூய நிலையில் பிரித்தெடுத்தபோது, பெயர் சூட்டக் கிரேக்க மொழிப் பேராசிரியர் ஒருவரின் உதவியை நாடியது. பிள்ளைப்பேறு என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'டோகோஃபெரால்' என்ற பெயர் பிறந்தது.

கொழுப்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெட்டுப்போவதை இது தடுக்கிறது என்பது 1930களில்தான் தெளிவாகத் தொடங்கியது. அதாவது இன்று முகப்பூச்சில் விற்கப்படும் இந்த ஆன்டிஆக்ஸிடன்ட், கருவைக் காக்கும் பொருளாகத்தான் முதன்முதலில் உலகுக்கு அறிமுகமானது. கருவுக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்டுக்கும் உள்ள உறவு இவ்வளவு பழையது. ஆனால் இந்த இரண்டையும் உறைபனியில் சந்திக்க வைக்க அறிவியலுக்கு இன்னும் 80 ஆண்டுகள் தேவைப்பட்டன.

மாறிப்போன பாட்டில் (1949)

உயிருள்ள செல்லை உறைய வைப்பதில் என்ன கஷ்டம்? செல்லுக்குள் இருப்பதில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது விரிவடைகிறது, கூரான படிகங்களாக மாறுகிறது. ஃப்ரீசரில் வைத்த தக்காளியை வெளியே எடுத்தால் கொழகொழவென்று ஆகிவிடுகிறது அல்லவா? செல்லுக்கும் அதே கதிதான்.

1940களின் இறுதியில் லண்டனில் உள்ள தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் கிறிஸ்டோபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் ஆகிய மூவரும் சேவலின் விந்தணுக்களை உறைய வைக்க முயன்றுகொண்டிருந்தார்கள். ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரைக் கரைசலைச் சேர்த்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. கரைசல் பாட்டில்களைக் குளிர் அறையில் வைத்துவிட்டுச் சில மாதங்கள் கழித்து மீண்டும் முயன்றபோது, ஒரு பாட்டிலில் இருந்த கரைசல் மட்டும் அற்புதமாக வேலை செய்தது. உறைந்து உருகிய விந்தணுக்கள் நீந்தின!

புதிதாகச் சர்க்கரைக் கரைசல் தயாரித்துப் பார்த்தார்கள். வேலை செய்யவில்லை. கடைசியில் பாட்டிலில் மிஞ்சியிருந்த கொஞ்சத்தை வேதியியல் பரிசோதனைக்கு அனுப்பியபோதுதான் உண்மை வெளிவந்தது. அதில் சர்க்கரையே இல்லை. லேபிள் மாறிப்போயிருந்தது! உள்ளே இருந்தது கிளிசராலும் முட்டை வெண்கருப் புரதமும் கலந்த கலவை. திசு மாதிரிகளைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவதற்காக ஆய்வகங்களில் வைத்திருக்கும் சாதாரணப் பசை அது.

1949-ல் நேச்சர் இதழில் வெளியான அந்தச் சிறு கட்டுரைதான் உறைநிலை உயிரியலின் பிள்ளையார் சுழி. 1951-ல் உறைந்த விந்திலிருந்து முதல் கன்றுக்குட்டி பிறந்தது. அதே நிறுவனத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் லவ்லாக், உறைதல் ஏன் கொல்கிறது என்பதை ஆராய்ந்தார். தண்ணீர் பனியாகப் பிரிந்துபோகும்போது மிச்சமிருக்கும் திரவத்தில் உப்பின் அடர்த்தி ஏறிக்கொண்டே போகிறது, அந்த உப்பே செல்லைக் குலைக்கிறது என்று அவர் காட்டினார். 1959-ல் டைமெத்தில் சல்ஃபாக்ஸைடு என்ற இன்னொரு காப்புப்பொருளையும் அவர் உலகுக்குத் தந்தார். சுருக்கமாக டி.எம்.எஸ்.ஓ. எனப்படும் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, கொல்கத்தாவில் மீண்டும் வரும்.

ஆயிரம் எலிக்கருக்கள் (1972)

விந்தணு மிகச் சிறியது, அதில் தண்ணீர் குறைவு. கரு அப்படியல்ல. பல செல்கள், ஒவ்வொன்றிலும் நிறையத் தண்ணீர். அதை உறைய வைக்க வேகம்தான் திறவுகோல் என்று அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் பீட்டர் மேசர் கண்டார். மிக வேகமாகக் குளிர்வித்தால் செல்லுக்குள் பனிப்படிகம் உண்டாகும். மிக மெதுவாகக் குளிர்வித்தால் உப்பு அடர்த்தியில் நெடுநேரம் கிடந்து செல் சாகும். இரண்டுக்கும் நடுவே ஒரு வேகம் இருக்க வேண்டும்.

1972-ல் டேவிட் விட்டிங்ஹாம், ஸ்டான்லி லீபோ, மேசர் ஆகிய மூவரும் சயன்ஸ் இதழில் அந்த வேகத்தை அறிவித்தார்கள். நிமிடத்துக்கு 0.3 முதல் 2 டிகிரி வரை மெதுவாகக் குளிர்வித்து, அதேபோல மெதுவாகச் சூடேற்ற வேண்டும். 2,500-க்கும் மேற்பட்ட எலிக்கருக்களை உறைய வைத்ததில் 50 முதல் 70 சதவீதம் உருகிய பிறகும் வளர்ந்தன. பிழைத்தவற்றில் சுமார் ஆயிரம் கருக்களை வாடகைத்தாய் எலிகளுக்குள் வைத்தபோது 65 சதவீத எலிகள் கர்ப்பமுற்றன. மறு ஆண்டே இங்கிலாந்தில் இயன் வில்மட், ரௌசன் இருவரும் உறைந்த கருவிலிருந்து ஒரு கன்றைப் பிறக்க வைத்தார்கள். இந்த வில்மட்தான் 1996-ல் டாலி என்ற குளோனிங் ஆட்டை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர்.

அடுத்த கேள்வி எல்லோர் மனதிலும் இருந்தது. மனிதக் கரு?

கொல்கத்தாவின் கண்ணீர் (1978)

1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தார். சரியாக 70 நாட்கள் கழித்து, அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் இன்னொரு பெண் குழந்தை பிறந்தது. துர்கா என்ற பெயரில் உலகம் அந்தக் குழந்தையை அறிந்தது. அதன் பின்னணியில் இருந்தவர் டாக்டர் சுபாஷ் முகர்ஜி. உறைநிலை நிபுணர் சுனித் முகர்ஜி, மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா ஆகிய இருவரும் அவருக்குத் துணை.

லூயிஸ் பிரவுனுக்காகக் கரு உறைய வைக்கப்படவில்லை. கொல்கத்தாவில் நடந்ததாகச் சொல்லப்பட்டதோ அதைத் தாண்டியது. ஹார்மோன் ஊசியால் பல முட்டைகளை வளரச் செய்து, கருவாக்கி, அந்தக் கருவை டி.எம்.எஸ்.ஓ.வில் உறைய வைத்து, 53 நாட்கள் கழித்து உருக்கித் தாயின் கருப்பையில் வைத்ததாக முகர்ஜி அறிவித்தார். குறைந்த வசதிகள் கொண்ட ஓர் ஆய்வகத்தில் இது நடந்தது என்பதை யாரும் நம்பத் தயாராக இல்லை. மேற்கு வங்க அரசு ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழு அவரது கூற்றை ஏற்க மறுத்தது. ஜப்பானில் நடந்த கருத்தரங்குக்குச் செல்ல அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1981-ல் அவருடைய துறைக்குச் சற்றும் தொடர்பில்லாத கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றப்பட்டார். அதே ஆண்டு ஜூன் 19 அன்று தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 50.

1986-ல் மும்பையில் ஒரு சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தபோது அதுவே இந்தியாவின் முதல் குழந்தை என்று பதிவானது. அந்தச் சாதனைக்குப் பின்னால் இருந்த விஞ்ஞானிகளுள் ஒருவர் டி.சி. ஆனந்தகுமார். 1997-ல் முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளைப் படிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. படித்து முடித்தவர், முதல் சாதனை தன்னுடையது அல்ல, முகர்ஜியுடையதே என்று பகிரங்கமாக எழுதினார்! தன் தலையில் இருந்த கிரீடத்தைத் தானே கழற்றி இன்னொருவர் தலையில், அதுவும் மறைந்துவிட்ட ஒருவர் தலையில் வைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? 2002-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முகர்ஜியின் பணியை அங்கீகரித்தது. அதைப் பார்க்க அவர்தான் இல்லை.

மெல்போர்னில் பிறந்த 'உயிர்' (1984)

உலக அறிவியல் ஏடுகளில் பதிவான முதல் வெற்றி ஆஸ்திரேலியாவுக்குப் போனது. 1983-ல் மெல்போர்னில் ஆலன் டிரௌன்சன், லிண்டா மோர் இருவரும் உறைந்த எட்டு செல் கருவிலிருந்து ஒரு பெண் கர்ப்பமுற்றதை அறிவித்தார்கள். அந்தக் கர்ப்பம் நிறைவு பெறவில்லை. 1984 மார்ச் 28 அன்று அதே நகரில் ஸோயி என்ற பெண் குழந்தை நலமாகப் பிறந்தது. ஸோயி என்றால் கிரேக்க மொழியில் உயிர் என்று பொருள்.

அடுத்த ஆண்டே இன்னொரு பாதை திறந்தது. வில்லியம் ரால், கிரிகரி ஃபேஹி ஆகியோர் 1985-ல் எலிக்கருக்களைப் பனியே உருவாகாமல் கண்ணாடி போல இறுகச் செய்தார்கள். காப்புப்பொருளின் அடர்த்தியை மிகவும் கூட்டி, மின்னல் வேகத்தில் குளிர்வித்தால் தண்ணீருக்குப் படிகமாக நேரமே கிடைப்பதில்லை. ஜப்பானின் மசாஷிகே குவயாமா உருவாக்கிய மெல்லிய தகடு போன்ற கருவியில் நிமிடத்துக்குச் சுமார் 23,000 டிகிரி வேகத்தில் குளிர்விக்க முடிந்தது. 2005-க்குப் பின் இந்த முறை உலகெங்கும் பரவியது. பனிப்படிகம் என்ற பழைய எதிரி ஏறத்தாழ வீழ்ந்தான்.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. பிழைத்து எழுந்த கருக்களிலும் சில தளர்ந்தே காணப்பட்டன. செல்களின் எண்ணிக்கை குறைந்தது, வளர்ச்சி தாமதமானது. பனியைத் தவிர இன்னொரு எதிரி ஒளிந்திருந்தான்.

குளிரிலும் ஒரு நெருப்பு

அந்த எதிரியின் பெயர் ஃப்ரீ ராடிக்கல். சாதாரண மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் ஜோடியாக இருக்கும். ஜோடி இழந்த எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறு அமைதியாக இருக்காது, பக்கத்தில் இருப்பவரிடமிருந்து ஒன்றைப் பறிக்கும். பறிகொடுத்தவர் அடுத்தவரிடம் பறிப்பார். இந்தச் சங்கிலி செல்லின் சவ்வில் உள்ள கொழுப்பையும், புரதத்தையும், டி.என்.ஏ.வையும் சிதைக்கும். உடலுக்குள் இவை எப்போதும் உருவாகின்றன. 1969-ல் ஜோ மெக்கார்ட், இர்வின் ஃப்ரிடோவிச் இருவரும் இவற்றை அடக்கவே உடலில் ஒரு நொதி இருப்பதைக் கண்டுபிடித்ததும், செல்லுக்குள் இப்படி ஒரு போர் ஓயாமல் நடக்கிறது என்பது உறுதியானது.

கருவுக்கு இந்தப் போர் ஆய்வகத்தில் இன்னும் கடுமையாகிறது. தாயின் கருக்குழாயில் ஆக்ஸிஜன் சுமார் 2 முதல் 8 சதவீதம்தான். வெளிக்காற்றில் அது ஏறத்தாழ 21 சதவீதம். உடலை விட்டு வெளியே வந்ததுமே கரு ஆக்ஸிஜன் வெள்ளத்தில் விழுகிறது. உறைய வைக்கும்போது காப்புத்திரவம் உள்ளே நுழைய, தண்ணீர் வெளியேற, செல் சுருங்கி விரிகிறது. செல்லின் மின் நிலையமான மைட்டோகாண்ட்ரியா தடுமாறி அதிக ஃப்ரீ ராடிக்கல்களைக் கசியவிடுகிறது. அவற்றை அடக்கும் நொதிகளோ குளிரில் மந்தமாகிவிடுகின்றன. கருவின் சொந்தக் கையிருப்பான குளுட்டதயோன் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட்டும் குறைந்துபோகிறது. காவலர்கள் விறைத்து நிற்கும் நேரத்தில் திருடர்கள் நுழைவது போலத்தான்.

கொழுப்பு மிகுந்த கருக்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பன்றியின் கரு கொழுப்பால் கறுத்தே தெரியும். குளிரை அது தாங்கவே தாங்காது. 1995-ல் ஹிரோஷி நாகாஷிமாவின் குழு கருவிலிருந்து கொழுப்புத் துளிகளை அகற்றிய பின்னரே அதை உறைய வைத்து உயிர்ப்பிக்க முடிந்தது.

வைட்டமின் சி முதல் மூவர் கூட்டணி வரை

எதிரி யார் என்று தெரிந்ததும் மருந்து தேடுவது இயல்பு. 2002-ல் மிஷெல் லேன், மேபாக், டேவிட் கார்ட்னர் ஆகியோர் எலிக்கருக்களின் உறைதிரவத்தில் அஸ்கார்பேட், அதாவது வைட்டமின் சி, மிகச் சிறிதளவு கலந்தார்கள். நெல்லிக்காயிலும் எலுமிச்சையிலும் இருக்கும் அதே பொருள்! கருவுக்குள் ஹைட்ரஜன் பெராக்ஸைடின் அளவு குறைந்தது. பின்னாளில் குட்டியாக வளரவேண்டிய உள்செல் திரள் நன்றாக வளர்ந்தது. எவான்ஸின் எலிக்கூண்டில் 1922-ல் தொடங்கிய உறவு, 80 ஆண்டுகள் கழித்து உறைபனிக்குள் வந்து சேர்ந்தது.

அடுத்த பெரிய அடி 2020-ல் விழுந்தது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ட்ருவாங், கார்ட்னர் இருவரும் ஒன்றுக்குப் பதில் மூன்று பொருட்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். முதலாவது அசிட்டைல் கார்னிட்டின், கொழுப்பை எரிசக்தியாக்க மைட்டோகாண்ட்ரியாவுக்கு உதவுவது. இரண்டாவது அசிட்டைல் சிஸ்டீன், குளுட்டதயோன் தயாராக மூலப்பொருள் தருவது. பாராசிட்டமால் மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியவர்களின் ஈரலைக் காப்பாற்ற மருத்துவமனைகளில் ஏற்றப்படும் மருந்தும் இதுவே. மூன்றாவது லிப்போயிக் அமிலம், நீரிலும் கொழுப்பிலும் ஒருசேர இயங்கக்கூடியது.

எலியின் கருக்கோளங்களை இந்த மூன்றும் கலந்த திரவத்தில் உறைய வைத்து உருக்கியபோது, செல்கள் அதிகமாகவும் சாகும் செல்கள் குறைவாகவும் இருந்தன. தாய் எலிக்குள் சிசுவின் வளர்ச்சியும் மேம்பட்டது. தனித்தனியாகக் கொடுப்பதைவிடக் கூட்டாகக் கொடுப்பதே நல்லது என்பதை இவர்களுடைய முந்தைய ஆய்வுகளே காட்டியிருந்தன. ஓர் ஆன்டிஆக்ஸிடன்ட் தன் எலக்ட்ரானைக் கொடுத்துச் சோர்ந்துபோனால் இன்னொன்று அதை மீட்டெடுக்கிறது.

தொட்டிக்குள் காலம் நிற்குமா?

கருவைச் சேமிக்கும் ஆண்டுகளில் இந்த அரிப்பு தொடர்வதில்லையா என்ற சந்தேகம் எழலாம். திரவ நைட்ரஜனின் குளிரில் மூலக்கூறுகள் அசையவே திணறுவதால் வேதிவினைகள் ஏறத்தாழ நின்றுவிடுகின்றன. எஞ்சுவது இயற்கைக் கதிர்வீச்சு மட்டுமே. 1970களிலும் 80களிலும் இங்கிலாந்தில் உறைந்த எலிக்கருக்கள் மீது சுமார் 2,000 ஆண்டுகளின் இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமமான அளவைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். பெரிய பாதிப்பு தென்படவில்லை. 1992-ல் உறைய வைக்கப்பட்ட மனிதக் கருக்களிலிருந்து 2022-ல் அமெரிக்காவில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. 1994-ல் உறைந்த ஒரு கரு 2025-ல் குழந்தையாகப் பிறந்தது.

ஆகவே ஆபத்து நீண்ட உறக்கத்தில் இல்லை. உறங்கப் போகும் சில நிமிடங்களிலும், விழித்தெழும் சில நிமிடங்களிலும்தான் இருக்கிறது. ஆன்டிஆக்ஸிடன்ட்களின் வேலையும் அந்த இரு வாசல்களில்தான்.

அளவுக்கு மிஞ்சினால்

இதைப் படித்துவிட்டு வைட்டமின் மாத்திரைகளை அள்ளி விழுங்கினால் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஃப்ரீ ராடிக்கல்கள் முழுக்க எதிரிகள் அல்ல. சிறிய அளவில் அவை செல்களுக்கிடையே செய்தி சொல்லும் தூதர்கள். கருத்தரிப்பின் சில கட்டங்களுக்கு அவை தேவையும்கூட. அவற்றை அடியோடு துடைத்தெறிந்தால் அதுவும் கெடுதல். சில ஆன்டிஆக்ஸிடன்ட்கள் அளவு கூடினால் எதிராக வேலை செய்து ஆக்ஸிஜனேற்றத்தைத் தூண்டவும் கூடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழி கருவுக்கும் பொருந்தும்.

இன்னொன்று, மேலே சொன்ன உறைதிரவ ஆய்வுகள் எலிகளில் நடந்தவை. மனிதக் கருக்களை வளர்க்கும் திரவத்தில் இந்த மூவர் கூட்டணியைச் சேர்த்து ஜப்பானில் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. ஒரே பெண்ணின் முட்டைகளை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்ட அந்த ஆய்வில் 35 முதல் 40 வயதுப் பெண்களிடம் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் அது வளர்ப்புத் திரவம் பற்றியது, உறைதிரவம் பற்றியது அல்ல. ஒரே ஆய்வை வைத்து முடிவு கட்டுவதும் அறிவியல் ஆகாது. குழந்தைக்காக ஏங்கும் தம்பதியர் எதற்கும் பணம் கொடுக்கத் தயாராக இருப்பார்கள். அதனாலேயே எலியில் கண்டதை மனிதருக்கு விற்பதற்கு முன் பலமுறை சோதிப்பது அவசியம்.

சந்தேகப்படுவது அறிவியலின் கடமை. ஆனால் சந்தேகப்படுவதற்கும் சோதித்துப் பார்க்காமலே ஒதுக்குவதற்கும் வித்தியாசம் உண்டு. லண்டனில் புரியாத ஒரு முடிவு கிடைத்தபோது, பாட்டிலின் அடியில் மிஞ்சியிருந்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு புதிய அறிவியலே பிறந்தது. கொல்கத்தாவில் ஒரு மனிதரின் குறிப்பேடுகள் 19 ஆண்டுகள் சரியாகப் படிக்கப்படாமல் கிடந்தன. ஓர் உயிரே போனது.